ஜானி கேஷ் இசைத்தட்டில் கரகரப்பு: உதவி தேவை

ரிக் ரூபின் தயாரிப்பில் அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் தம் கடைசிக் காலத்தில் பாடிய தொகுப்புகளைக் கேட்டு வருகிறேன். 2002-இல் வெளிவந்த நான்காம் தொகுப்பின் இசைத்தட்டில், ‘ஹர்ட்’ பாடலின் முடிவில் பியானோ ஓங்கும் இடத்தில் குரல் கரகரத்து உடைகிறது. அந்தத் தளர்ந்த குரல் மூச்சு வாங்குவதுகூடக் காதில் விழ வேண்டும் என்றே தட்டாக வாங்கினேன் என்பதால் மனம் ஆறவில்லை.

மூன்று வாரங்களாக இதே நிலைதான். தட்டைக் கழுவி உலர்த்தினேன். ஊசியைப் புதிதாக மாற்றி, அதன் அழுத்தத்தை 1.8 கிராமிலிருந்து 2 கிராமாக உயர்த்தினேன். வேறொரு ஆம்ப்ளிஃபயரிலும் இணைத்துப் பார்த்தேன். கிட்டாரும் குரலும் மட்டுமே உள்ள 1994-ஆம் ஆண்டுத் தொகுப்பு இதே கருவியில் துல்லியமாக ஒலிக்கிறது.

இந்தக் கரகரப்பு மூல ஒலிப்பதிவிலேயே இருக்கிறதா, அல்லது என்னிடமுள்ள தட்டின் குறையா?