12 இன்னிங்ஸ் ஒருவரையும் விடாத பேஸ்போல் பிட்சர் தோற்ற மெட்ச்: இந்தக் கணக்கு எப்படி வந்தது?

வெள்ளவத்தை ஸ்கோரர்:
ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பனி கிரிக்கெட் மெட்ச்களுக்கு ஸ்கோர் எழுதுகிற ஆள் நான். கூட்டல் இடித்தால் தூக்கம் வராது. கனடாவில் இருக்கிற மச்சான் ஒரு பழைய பேஸ்போல் ஸ்கோர் அனுப்பியிருக்கிறான். 1959 மே 26, மில்வோக்கியில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸும் மில்வோக்கி பிரேவ்ஸும். பைரேட்ஸ் 12 ஹிட் (அடித்துவிட்டு ஓடி பேஸ் என்கிற நிறுத்தத்தை அவுட்டாகாமல் பிடிப்பது), ஓட்டம் 0. பிரேவ்ஸ் ஒரே ஒரு ஹிட், ஓட்டம் 1. வென்றது பிரேவ்ஸ். தோற்ற பைரேட்ஸ் பிட்சர் (பந்து வீசுகிறவர்) ஹார்வி ஹாடிக்ஸ் முதல் 36 பேரையும் வரிசையாக ஆட்டமிழக்கச் செய்திருக்கிறார்.

அதெல்லாம் சரி. அந்த ஒரே ஹிட் மதிலைத் தாண்டிப் போன பந்து என்கிறான் மச்சான். ஷீட்டில் அது டபுள், அதாவது இரண்டாம் பேஸ் வரை ஓடுகிற ஹிட். ஹாடிக்ஸ் வீசியது 12⅔ இன்னிங்ஸ்; ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட். 13ஆவது இன்னிங்ஸில் அந்த மூன்றில் இரண்டு எங்கிருந்து வந்தது? பேஸில் ஆள் இருக்கும்போது மதிலைத் தாண்டினால் குறைந்தது இரண்டு பேர் ஓடி வந்திருக்க வேண்டுமே?

பழைய ரேடியோ:
13ஆவது இன்னிங்ஸை வரிசையாகப் பாருங்கள், அண்ணை. பிரேவ்ஸின் மன்டீயா அடித்த பந்தை எடுத்த பைரேட்ஸின் டொன் ஹோக் தப்பாக எறிந்தார், மன்டீயா முதல் பேஸில் ஏறிவிட்டார். அது எரர் (ஃபீல்டரின் பிழை), ஹிட் இல்லை. அடுத்து எடி மாத்யூஸ் தன்னைப் பலி கொடுத்து மன்டீயாவை இரண்டாம் பேஸுக்கு அனுப்பினார்: ஒரு அவுட். ஹேங்க் ஆரனுக்கு வேண்டுமென்றே வாக் கொடுத்தார்கள், அதாவது அடிக்கவிடாமல் சும்மா முதல் பேஸுக்குப் போகவிட்டார்கள். பிறகு ஜோ அட்கொக் அடித்தது மதிலுக்கு அப்பால்: ஹோம் ரன், அடித்தவரும் பேஸில் இருந்தவர்களும் சுற்றி வந்து ஓட்டம் எடுக்கலாம்.

ஆரனோ, பந்து உள்ளேதான் விழுந்தது, மன்டீயா வந்துவிட்டால் மெட்ச் முடிந்தது என்று நினைத்து இரண்டாம் பேஸைத் தொட்டதும் திரும்பி நடந்துவிட்டார். அட்கொக் தலை குனிந்து ஓடி அவரைக் கடந்துவிட்டார். முன்னால் ஓடுகிறவரைத் தாண்டினால் பின்னால் வந்தவர் அவுட். உங்கள் இரண்டாவது அவுட் அதுதான். ஹோம் ரன்னும் செல்லாது. லீக் தலைவர் வாரன் ஜைல்ஸ் அதை டபுளாக்கி 1-0 என்று முடித்தார். மன்டீயா எரரில் ஏறியவர் என்பதால் ஹாடிக்ஸின் கணக்கில் அந்த ஓட்டம்கூட ஏறவில்லை. ஏர்ன்ட் ரன் (பிட்சரின் பொறுப்பில் எழுதுகிற ஓட்டம்) 0, தோல்வி 1!

தெஹிவளை லெக் ஸ்பின்:
நமக்குப் புதிதா இது? 2010 தம்புள்ளை. சேவாக் 99, ஸ்கோர் சமம், ரண்டீவ் போட்டது நோ போல். சேவாக் அதைச் சிக்ஸர் அடித்தார். நோ போலிலேயே மெட்ச் முடிந்ததால் சிக்ஸர் கணக்கில் இல்லை, 99 நொட் அவுட். இந்தியாக்காரர்கள் இன்னும் கத்துகிறார்கள்.

வெள்ளவத்தை ஸ்கோரர்:
அது வேறு, தம்பி. அங்கே பந்து மட்டையில் படுவதற்கு முன்பே மெட்ச் முடிந்தது. இங்கே ஆரன் ஒழுங்காக ஓடியிருந்தால் மூன்று ஓட்டமும் சேர்ந்திருக்கும். ஸ்கோரர் எழுதியது சரிதான், ஓடினவர்தான் தவறு. சரி, 12⅔ தீர்ந்தது. 12 ஹிட் அடித்தும் பைரேட்ஸுக்கு ஓட்டம் ஏன் வரவில்லை?

பழைய ரேடியோ:
பிரேவ்ஸின் பிட்சர் லூ பர்டெட் 13 இன்னிங்ஸும் தனியே வீசினார், வாக் ஒன்றுகூட இல்லை. 12 ஹிட்டும் சிதறிப் போயின. மூன்றாவது இன்னிங்ஸில் வரிசையாக மூன்று சிங்கிள் (முதல் பேஸ் வரை ஓடுகிற ஹிட்), அதிலும் ஓட்டம் இல்லை: முதலில் ஏறிய மெஹியாஸ் ஹாடிக்ஸின் சிங்கிளில் மூன்றாம் பேஸுக்கு ஓடி அவுட்டானார். அது இல்லாவிட்டால் வழக்கமான ஒன்பது இன்னிங்ஸிலேயே கதை முடிந்திருக்கலாம். அன்று பைரேட்ஸின் நட்சத்திர ஆட்டக்காரர் ரொபர்ட்டோ கிளெமென்டியும் அணியில் இல்லை.

தெஹிவளை லெக் ஸ்பின்:
அப்போ இதுவும் ஒருவரையும் பேஸில் ஏறவிடாத பெர்பெக்ட் கேமா?

பழைய ரேடியோ:
இல்லை, நோ ஹிட்டர்கூட இல்லை. நோ ஹிட்டர் என்றால் மெட்ச் முடியும் வரை ஹிட் இருக்கக்கூடாது என்று 1991இல் வரையறுத்தார்கள். ஹாடிக்ஸின் பெயர் அந்தப் பட்டியலில் இருந்து போனது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. 36 பேரை வரிசையாக அனுப்பியவருக்குத் தனி வரி ஒன்று போட்டிருக்கலாம்.