மேற்கு மாம்பலம் ஃபிளாட்ஸ் குழு: மாடியில் தண்ணீர் விடாதீர்கள்

காலை 6:10

ஜி2 மாமி: எல்லோருக்கும் அவசரம். எங்கள் தரைத்தள பாத்ரூமில் சாக்கடைத் தண்ணீர் மேலே ஏறுகிறது. கம்மோட் மேல் மணல் மூட்டை வைத்தேன், இப்போது பக்கத்து டிரெயினில் வருகிறது. தயவுசெய்து மாடியில் யாரும் ஃப்ளஷ் செய்யாதீர்கள், வாஷிங் மெஷின் போடாதீர்கள்.

மூன்றாம் மாடி: ஐயோ மாமி! நாங்கள் விடும் தண்ணீரா உங்கள் வீட்டில் வருகிறது?

ஜி2 மாமி: எல்லா மாடிக்கும் ஒரே குழாய்தான்மா. மழையில் தெரு மேன்ஹோல் நிரம்பிவிட்டதால் வெளியே போக வழியில்லை. மேலிருந்து இறங்குவதற்கு முதல் வாசல் என் பாத்ரூம்தான். 2015 டிசம்பரிலும் இப்படித்தான், 2023 மிக்ஜாம் புயலிலும் இப்படித்தான். பேத்தியின் மெத்தையைத் தூக்கி எறிந்தோம்.

முதல் மாடி: தெருத் தண்ணீர் வடியட்டும் என்று யாரோ மேன்ஹோல் மூடியைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

செயலாளர்: வாட்ச்மேனிடம் சொல்லி உடனே மூட வையுங்கள் தம்பி. அது கழிவுநீருக்குப் போட்ட குழாய். மழைத் தண்ணீரை விட்டால் தாங்காமல் வீட்டுக்குள்தான் திரும்பும். முழங்கால் தண்ணீரில் திறந்த குழி நடப்பவர் கண்ணுக்கும் தெரியாது. குடிநீர் வாரியத்தின் 1916 எண்ணில் புகார் கொடுத்தாச்சு.

முதல் மாடி: தெரிந்த ஆள் இருக்கிறார், சாக்கடைச் சேம்பர் குழியில் இறங்கி அடைப்பு எடுப்பார். கூப்பிடவா?

ஜி2 மாமி: வேண்டாம்பா. என் வீடு நாறினாலும் பரவாயில்லை, ஒருத்தரையும் இறக்காதீர்கள். உள்ளே விஷவாயு இருந்தால் கத்தக்கூட நேரம் இருக்காது.

செயலாளர்: பாதுகாப்பு இல்லாமல் இறக்குவது, கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டப்படி குற்றம். அடைப்பு எடுக்கும் மெஷின் வரட்டும். அப்புறம், சம்ப் (தரைக்கு அடியில் உள்ள தொட்டி) மூடி வரை தண்ணீர் வந்தால் மோட்டார் போடாதீர்கள். சாக்கடை கலந்தால் மொட்டைமாடித் தொட்டியும் கெட்டுவிடும்.

நாலாம் மாடி: மழை நின்றதும் மெயின் குழாயில் தண்ணீர் திரும்பி வராமல் தடுக்கும் 'நான்-ரிட்டர்ன்' வால்வு போட்டுவிடலாமே சார்?

செயலாளர்: அதில் மட்டும் போட்டால் தெருத் தண்ணீர் நிற்கும், நம் மாடித் தண்ணீர் மாமி வீட்டில்தான் பொங்கும். தரைத்தள வீடுகளுக்குத் தனிக் குழாய் எடுத்து, அதில் வால்வு வைத்துச் சேம்பரில் சேர்க்க வேண்டும். செலவு எல்லா வீட்டுக்கும் பொது. தரைத்தளத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை.

நாலாம் மாடி: சம்மதம்.

முதல் மாடி: நாங்களும். மூடி போட்டாச்சு சார்.

மூன்றாம் மாடி: வாஷிங் மெஷினை நிறுத்திவிட்டேன் மாமி. பாப்பாவைத் தூக்கிக்கொண்டு மேலே வாருங்கள், இட்லி வைத்திருக்கிறேன்.

காலை 6:55

ஜி2 மாமி: வருகிறேன்மா. தண்ணீர் ஹால் வாசற்படிக்கு இரண்டு விரல் கீழே நிற்கிறது. இன்னும் யாரும் குழாயைத் திறக்காதீர்கள்.