மெடிக்கேர் பார்ட் பி: மனநல ஆலோசகர் அனுப்பும் கிளெய்ம்கள் திரும்பி வருகின்றன, உதவி தேவை

கேள்வி (எல்பிசி (தொழில்முறை ஆலோசகர்) உரிமம் பெற்றவர், நியூ ஜெர்சி)

அனைவருக்கும் வணக்கம். நியூ ஜெர்சியில் தனியாக ஆலோசனை மையம் நடத்தி வருகிறேன். என்னிடம் வருபவர்களில் கணிசமானோர், பிள்ளைகளோடு வசிப்பதற்காக இங்கே வந்து குடியேறிய தமிழ்ப் பெற்றோர்கள். துணையை இழந்த துக்கம், பேச ஆளில்லாத பகல்பொழுது, தூக்கமின்மை என்று பல காரணங்களோடு வருகிறார்கள். தமிழிலேயே மனம்விட்டுப் பேசலாம் என்பதற்காக வெகுதூரத்திலிருந்தும் வருகிறார்கள். எங்களைப் போன்ற ஆலோசகர்கள் 2024 ஜனவரி 1 முதல் மெடிக்கேரில் (முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடு) நேரடியாகப் பில் போடலாம் என்பதால், 2025 ஏப்ரல் 14 அன்று பெக்கோஸ் என்ற மெடிக்கேர் பதிவுத் தளத்தின் வழியாக 855-ஐ (I) என்ற பதிவு விண்ணப்பத்தைச் சமர்ப்பித்தேன். ஒப்புதல் கடிதமும் வந்துவிட்டது. ஆனால் அனுப்பிய கிளெய்ம்களில் (கட்டணக் கோரிக்கைகளில்) பல வெவ்வேறு காரணங்களைச் சொல்லித் திரும்பி வருகின்றன.

பிப்ரவரி முதல் வரும் ஒரு அம்மாவுக்கு ஏப்ரல், மே மாத அமர்வுகளுக்குப் பணம் வந்துவிட்டது. பிப்ரவரி மாத அமர்வுகளும் மார்ச் முதல் வார அமர்வும் "சிஓ பி7" என்ற குறியீட்டுடன் மறுக்கப்பட்டுள்ளன. ஒரு ஐயாவின் கிளெய்ம்கள் அனைத்தும், மே மாதத்தவை உட்பட, "சிஓ 109" என்று திரும்பியுள்ளன. இன்னொரு பெரியவரின் கிளெய்ம், எம்பிஐ (மெடிக்கேர் அடையாள) எண் பொருந்தவில்லை என்று பரிசீலனைக்கே எடுக்கப்படாமல் வந்துவிடுகிறது. அவருடைய அட்டையில் பார்ட் பி (மருத்துவர், ஆலோசகர் சேவைகளுக்கான பகுதி) மட்டுமே அச்சாகியிருக்கிறது, பார்ட் ஏ (மருத்துவமனைக்கான பகுதி) இல்லை. அதுதான் காரணமா என்றும் தெரியவில்லை.

பணம் வந்த கிளெய்மிலும் ஒரு சந்தேகம் இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட தொகை 112.50 டாலர் என்றால், நோயாளியின் பங்கான 20 சதவீதம் போக 90 டாலர் வர வேண்டும், வந்திருப்பதோ 88.20.

எனக்குத் தெரிந்த உளவியலாளர் ஒருவர், மறுக்கப்பட்ட அமர்வுகளைத் தன் பில்லிங் எண்ணில் போட்டுக்கொள்ளலாம், முழுக் கட்டணமும் கிடைக்கும் என்கிறார். அந்த அம்மாவிடம் கேட்டால் மறுபேச்சின்றிக் கொடுத்துவிடுவார், அதனாலேயே கேட்க மனம் ஒப்பவில்லை. என்ன செய்வது முறை என்று விவரம் அறிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1 (மருத்துவ பில்லிங் பணியில் இருப்பவர், இல்லினாய்)

வணக்கம் சகோதரி. நீங்கள் எழுதியிருப்பவை தனித்தனிச் சிக்கல்கள். எல்லாவற்றையும் சேர்த்து மேல்முறையீடு செய்தால் காலம்தான் வீணாகும்.

பி7 என்றால், சேவை அளித்த அந்தத் தேதியில் உங்களுக்குப் பில் போடும் தகுதி இல்லை என்று பொருள். ஏற்கெனவே அதே இடத்தில் பணிசெய்து வந்த ஒருவருக்கு, பின்னர் ஒப்புதல் பெற்ற விண்ணப்பம் என்று சமர்ப்பிக்கப்பட்டதோ அந்த நாளே தகுதி தொடங்கும் நாள். அதற்கு முந்தைய 30 நாட்கள் வரையிலான சேவைகளுக்கு மட்டும் பின்னோக்கிப் பில் போட இடம் உண்டு. ஏப்ரல் 14 இலிருந்து 30 நாட்கள் பின்னே சென்றால் மார்ச் 15. உங்கள் ஒப்புதல் கடிதத்தில் இருக்கும் தேதியை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். சட்டம் 2024 இலேயே நடைமுறைக்கு வந்துவிட்டாலும், ஒவ்வொருவரின் தகுதியும் அவரவர் பதிவைப் பொறுத்தே தொடங்குகிறது. எனவே பிப்ரவரி அமர்வுகளுக்கும் மார்ச் முதல் வார அமர்வுக்கும் மெடிக்கேர் பணம் தராது, மேல்முறையீட்டாலும் பயனிருக்காது. குறியீட்டின் முன்னால் நிற்கும் "சிஓ" என்பதைக் கவனியுங்கள்: அந்தத் தொகையை நோயாளியிடம் வசூலிக்கக் கூடாது என்பதே அதன் பொருள். நோயாளி கொடுக்க வேண்டியதாக இருந்தால் "பிஆர்" என்று வந்திருக்கும். அந்த அம்மாவிடம் கேட்க வேண்டாம் என்று உங்கள் மனம் சொன்னதே சரி.

109 என்றால் கிளெய்ம் தவறான இடத்துக்குப் போயிருக்கிறது. அந்த ஐயா பெரும்பாலும் மெடிக்கேர் அட்வாண்டேஜ் (தனியார் நிறுவனம் வழியாக மெடிக்கேர் பெறும்) திட்டம் ஒன்றில் சேர்ந்திருப்பார். பலர் சிவப்பு, வெள்ளை, நீல நிற மெடிக்கேர் அட்டையை மட்டும் பத்திரமாகக் கொண்டுவருவார்கள். தனியார் திட்டத்தின் அட்டை வீட்டு மேசை இழுப்பறையில் கிடக்கும். ஒவ்வொரு புதியவருக்கும் முதல் அமர்வுக்கு முன்பே இணையவழித் தகுதிச் சோதனை செய்துவிடுங்கள், எந்தத் திட்டம் எந்தத் தேதியிலிருந்து என்பது அதிலேயே தெரிந்துவிடும். இப்போது அந்தத் திட்டத்துக்கே கிளெய்மை அனுப்ப வேண்டும். மெடிக்கேரில் பதிவு பெற்றிருப்பதால் மட்டும் அந்தத் திட்டத்தின் வலையமைப்பில் (அதனுடன் ஒப்பந்தம் உள்ளவர்கள் பட்டியலில்) நீங்கள் சேர்ந்துவிடுவதில்லை. ஒவ்வொரு திட்டத்திலும் தனியே விண்ணப்பிக்க வேண்டும். பிபிஓ (வலையமைப்புக்கு வெளியேயும் செல்ல இடம் தரும்) வகையாக இருந்தால் வெளியாருக்கும் பணம் கிடைக்க வாய்ப்புண்டு. எச்எம்ஓ (வலையமைப்புக்குள்ளேயே பார்க்கச் சொல்லும் வகை) என்றால் முன் அனுமதி இல்லாமல் கிடைப்பது அரிது.

88.20 கணக்கு எளிது. அனுமதிக்கப்பட்ட தொகையில் மெடிக்கேரின் பங்கு 90 டாலர். அதில் 2 சதவீதத்தை மத்திய அரசின் செலவுக் குறைப்புச் சட்டத்தின்படி பிடித்துக்கொள்கிறார்கள், அது 1.80 டாலர். ரெமிட்டன்ஸில் (பணத்துடன் வரும் விவரக் குறிப்பில்) 253 என்ற குறியீட்டின் எதிரே அதே தொகை இருக்கும். இதையும் நோயாளியிடம் கேட்கக் கூடாது.

பதில் 2 (ஆலோசகர், கலிபோர்னியா)

எண் பொருந்தாமல் திரும்பிய கிளெய்ம் பற்றி மட்டும் சொல்கிறேன். எம்பிஐ எண்ணில் 11 இடங்கள் உண்டு. எண்களும் ஆங்கில எழுத்துகளும் கலந்து வரும். எண்ணோடு குழப்பிக்கொள்ளக்கூடிய எஸ், எல், ஓ, ஐ, பி, இசட் ஆகிய ஆறு எழுத்துகளை அதில் பயன்படுத்துவதே இல்லை. ஆகவே உங்கள் பதிவில் எங்காவது "ஓ" இருந்தால் அது பூஜ்யம், "ஐ" இருந்தால் அது ஒன்று, "எஸ்" இருந்தால் அது ஐந்து. பிள்ளைகள் கையால் எழுதித் தரும் படிவங்களில் இது அடிக்கடி நேர்கிறது. அட்டையை நேரில் வாங்கிப் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெயரும் அட்டையில் இருப்பது போலவே இருக்க வேண்டும். நம்மவர்களின் தந்தை பெயர், இனிஷியல் குழப்பத்தாலும் கிளெய்ம்கள் திரும்புகின்றன. பரிசீலனைக்கே எடுக்கப்படாத கிளெய்முக்கு மேல்முறையீடு கிடையாது. திருத்திப் புதிதாக அனுப்பினால் போதும்.

பார்ட் ஏ இல்லாதது காரணமல்ல. கிரீன் கார்டு பெற்று ஐந்தாண்டுகள் தொடர்ந்து இங்கே வசித்த 65 வயதுப் பெற்றோர், தாமோ வாழ்க்கைத் துணையோ இங்கே 40 காலாண்டுகள் வேலை செய்து வரி கட்டியிராவிட்டால், பார்ட் ஏவைப் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். பிள்ளைகள் கட்டிய வரி இதற்குக் கணக்கில் வராது. 2025 இல் அதன் முழுப் பிரீமியம் மாதம் 518 டாலராக இருந்தது, பார்ட் பிக்கோ 185 டாலர்தான்; இப்படி வேறுபாடு இருப்பதால் பார்ட் பியை மட்டும் பல குடும்பங்கள் எடுத்துக்கொள்கின்றன. நம் அறையில் நடக்கும் ஆலோசனை பார்ட் பியில்தான் அடங்குகிறது. இன்னொன்று, அட்வாண்டேஜ் திட்டத்தில் சேர ஏ, பி இரண்டும் வேண்டும். ஆகவே இந்தப் பெரியவருக்கு அட்வாண்டேஜ் திட்டத்தால் வரும் 109 சிக்கல் வராது.

பதில் 3 (உளவியலாளர், டெக்சாஸ்)

உங்கள் அமர்வுகளை நண்பரின் எண்ணில் போடும் யோசனையைத் தயவுசெய்து இன்றே கைவிடுங்கள். நல்லெண்ணத்தோடு சொல்லியிருப்பார் என்றே நம்புகிறேன், ஆனாலும் அது பொய்க் கிளெய்ம் ஆகிவிடும். மத்திய அரசின் பொய்க் கிளெய்ம் சட்டத்தின்படி அவரும் நீங்களும் பொறுப்பாவீர்கள். ஒருவர் மேற்பார்வையில் மற்றவர் சேவை அளித்து, மேற்பார்வையாளரின் எண்ணில் பில் போடும் "இன்சிடென்ட் டு" முறை இருப்பது உண்மைதான். மனநலச் சேவைகளுக்கு அதன் மேற்பார்வை விதியை 2023 இல் தளர்த்தியதும் உண்மைதான். ஆனால் சிகிச்சையை மேற்பார்வையாளரே தொடங்கியிருக்க வேண்டும், தொடர்ந்து அதில் பங்கேற்க வேண்டும், சேவை அளிப்பவர் அவருடைய ஊழியராகவோ ஒப்பந்தப் பணியாளராகவோ இருக்க வேண்டும். உங்கள் மையத்தில் நீங்களே தொடங்கி நடத்திய அமர்வுகளுக்கு இவற்றில் எதுவும் பொருந்தாது.

அவர் சொன்ன முழுக் கட்டணம் எங்கிருந்து வருகிறது என்றால், உளவியலாளருக்கு அனுமதிக்கப்படும் தொகையில் 75 சதவீதமே ஆலோசகர்களுக்கும் குடும்பநல ஆலோசகர்களுக்கும் என்று சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் 112.50 டாலர், எனக்கென்றால் 150 டாலர். அதே அறையில், அதே நேரம், அதே துக்கத்தோடு அமர்ந்திருக்கும் ஒருவருக்கு நாம் இருவரும் அளிக்கும் சேவைக்கு இப்படி ஒரு வேறுபாடு இருப்பது நியாயமில்லை என்பதே என் கருத்து. உளவியலாளர்களுக்கும் சமூகப் பணியாளர்களுக்கும் 1989 ஆம் ஆண்டுச் சட்டம் திறந்த கதவு உங்களுக்குத் திறக்க 2022 டிசம்பர் வரை ஆயிற்று. கட்டணத்தைச் சரிசெய்வதும் சட்டத்தின் வழியாகவே நடக்க வேண்டும்.

கூடுதல் கேள்வி (எல்பிசி அசோசியேட், அதாவது மேற்பார்வையில் பணிபுரியும் பயிற்சி நிலை ஆலோசகர், டெக்சாஸ்)

நானும் பதிவு செய்ய முடியுமா?

பதில் 3 எழுதியவர்

இப்போது முடியாது. முதுகலைக்குப் பிந்தைய, மேற்பார்வையுடன் கூடிய இரண்டு ஆண்டுகள் அல்லது 3,000 மணி நேர அனுபவமும் முழு உரிமமும் வேண்டும். உரிமம் கைக்கு வந்த அன்றே விண்ணப்பியுங்கள்.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒப்புதல் கடிதத்தில் மார்ச் 15 என்றே இருக்கிறது. எம்பிஐயில் "ஓ" என்று பதிந்திருந்ததைப் பூஜ்யமாக மாற்றி அனுப்பினேன், கிளெய்ம் ஏற்கப்பட்டது. ஐயாவின் மகள் தேடி எடுத்து அனுப்பிய அட்டை ஒரு எச்எம்ஓ திட்டத்துடையது. அவர் தன் தந்தைக்குக் கைப்பணம் கொடுத்துத் தொடர விரும்புகிறார். மெடிக்கேரிலிருந்து விலகுவதாக உறுதிமொழி எழுதிக் கொடுத்தால் அது முடியும் என்று படித்தேன். செய்யலாமா?

பதில் 1 எழுதியவர்

அவர் ஒருவருக்காக அதைச் செய்ய வேண்டாம். விலகல் உறுதிமொழி உங்கள் எல்லா மெடிக்கேர் நோயாளிகளுக்கும் பொருந்தும், இரண்டு ஆண்டுகள் நீடிக்கும், நீங்கள் நிறுத்தச் சொல்லாவிட்டால் தானாகவே புதுப்பிக்கப்படும். முதல் முறை விலகுபவருக்கு மட்டும் மனம் மாற 90 நாட்கள் தருகிறார்கள். இதைச் செய்தால் அந்த அம்மாவும் பார்ட் பி மட்டும் உள்ள பெரியவரும் தங்கள் காப்பீட்டைக் கொண்டு உங்களிடம் வர முடியாமல் போய்விடும்.

அதற்குப் பதிலாக, ஐயாவின் திட்டத்தை மகளையும் வைத்துக்கொண்டு தொலைபேசியில் அழைத்து, தமிழ் பேசும் ஆலோசகர் வலையமைப்பில் இருக்கிறாரா என்று கேளுங்கள். இல்லை என்றால் வலையமைப்புக்கு வெளியே உள்ள உங்களிடம் வர முன் அனுமதி கோருங்கள். அனுமதி கிடைக்காவிட்டால், அக்டோபர் 15 முதல் டிசம்பர் 7 வரையிலான சேர்க்கைக் காலத்தில் அவர் அரசே நடத்தும் அசல் மெடிக்கேருக்குத் திரும்பலாம், ஜனவரி 1 முதல் உங்களிடம் வரலாம். ஆனால் மெடிகேப் துணைக் காப்பீடு அப்போது கிடைக்குமா, என்ன விலைக்கு என்பதை அவர் மகள் முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். மற்ற மருத்துவச் செலவுகளையும் பார்க்காமல் ஆலோசனைக்காக மட்டும் திட்டத்தை மாற்றிவிடக் கூடாது.

20 சதவீதம் வசூலிப்பதற்கு முன் ஒன்றைப் பாருங்கள். தகுதிச் சோதனையில் எவருக்காவது கியூஎம்பி (குறைந்த வருமானத்தால் மெடிக்கேர் செலவுக்கு அரசு உதவி பெறுபவர்) என்று வந்தால், அவரிடம் அந்தப் பங்கையும் டிடக்டிபிளையும் (காப்பீடு பணம் தரத் தொடங்கும் முன் நோயாளி கட்டும் தொகை) கேட்கச் சட்டம் அனுமதிப்பதில்லை. மீதித் தொகைக்கு குறைந்த வருமானத்தினருக்கான அரசுக் காப்பீடான மெடிக்கெய்டுக்குத்தான் பில் போட வேண்டும். மார்ச் 15 க்குப் பிந்தைய அமர்வு எதற்காவது இன்னும் கிளெய்ம் அனுப்பாமல் இருந்தால், சேவைத் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் அனுப்பிவிடுங்கள்.