752 மீட்டர் குன்றிலிருந்து பாதி வேல்ஸ் தெரியுமா?

அல்சூர்வாசி:
பர்மிங்காமில் பணிபுரியும் என் மகள், வரும் ஜூனில் வேல்ஸின் நடுவே ஆளரவமற்ற பகுதியில் உள்ள பும்லுமோன் மலைக்கு எங்களை அழைத்துச் செல்வதாகவும், உச்சியில் நின்றால் பாதி வேல்ஸ் தெரியும் என்றும் சொல்கிறாள். அதன் உயரமோ 752 மீட்டர். பெங்களூரின் தெருக்களே கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டர் உயரத்தில் இருக்க, 1,478 மீட்டர் நந்தி மலையில் பலமுறை ஏறியும் மூடுபனியைத் தவிர அதிகம் கண்டிராத எனக்கு இது மிகையாகவே படுகிறது. சென்று வந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஜெயநகர் நடையர்:
மகள் சொல்வது சரிதான், ஐயா. நந்தியின் அடிவாரமே ஏறத்தாழ 900 மீட்டரில் இருப்பதால் நாம் காணும் உயரம் அறுநூறுக்கும் குறைவு. பும்லுமோனுக்கு மேற்கே இருபது கிலோமீட்டர் சொச்சத்தில் கடல் வந்துவிடுகிறது. அத்திசையில் 752 மீட்டரும் கணக்கில் சேரும். அந்த உயரத்திலிருந்து கடலின் தொடுவானம் சுமார் 98 கிலோமீட்டர் தள்ளியிருக்கும். அதோடு, அதுவே நடு வேல்ஸின் மிக உயர்ந்த முகடு. ஆடுகள் மேயும் புல்வெளியும் சதுப்புமாக இருப்பதால் பார்வையை மறைக்க ஒரு மரம்கூடக் கிடையாது. வானம் தெளிந்த நாளில் மேற்கே கார்டிகன் விரிகுடா, வடக்கே காடர் இட்ரிஸ், அதற்கும் அப்பால் ஸ்னோடன் மலைகள், தெற்கே பிரெகன் பீக்கன்ஸ் என்று சுற்றித் திரும்பிப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

ஒயிட்ஃபீல்டு வாசகி:
"வானம் தெளிந்த நாளில்" என்பதுதான் சிக்கல். அட்லாண்டிக் காற்று கொண்டுவரும் மேகம் உச்சியை மூடிவிட்டால் நந்தியின் கதைதான். தேதியை முன்கூட்டியே முடிவு செய்யாமல், மழை பெய்து ஓய்ந்து வடமேற்குக் காற்று வீசும் நாளில் செல்லுங்கள். தூசு கழுவப்பட்ட அந்தக் காற்றில் தொலைவு துலங்கும். ஜூனில் இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் உண்டு. சதுப்பில் கால் புதையும் என்பதால் கான்வாஸ் காலணி வேண்டாம்.

ஓசூர் சாலை:
ஒன்றை விட்டுவிட்டீர்கள். 354 கிலோமீட்டர் ஓடும் ஸெவர்ன் ஆறும், வை ஆறும் இம்மலையின் கிழக்குச் சரிவுகளில் அருகருகே பிறந்து, வெவ்வேறு வழியில் சென்று, கடலருகே ஸெவர்னின் கழிமுகத்தில் மீண்டும் சேர்கின்றன. ரெய்டோல் ஆறு மட்டும் மேற்கே திரும்பி அபெரிஸ்ட்வித்தில் கடலை அடைகிறது. நந்திப் பகுதியில் தோன்றும் பாலாறும் தென்பெண்ணையும் பிரிந்தவை பிரிந்தவைதாம், சேர்வதே இல்லை.

அல்சூர்வாசி:
நன்றி. தென்பெண்ணைக் கரையில் பிறந்தவன் என்பதால் இந்த ஆற்றுச் செய்தி மனத்தில் தங்கிவிட்டது. எந்த நாளில் செல்வது என்பதை மட்டும் மகளிடம் விட்டுவிடுகிறேன்.