சென்னை–சேலம் விமானத்தில் சேர்வராயன் மலை தெரிய எந்தப் பக்கத்துச் சன்னல்?

அஸ்தம்பட்டிக்காரன்:
வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் தந்தையார் இதுவரை விமானம் ஏறியதில்லை. தைப் பொங்கலுக்குச் சென்னையிலிருந்து முற்பகல் விமானத்தில் அவரைச் சேலத்துக்கு அழைத்து வருகிறேன். சேர்வராயன் மலையையும், ஆயுள் முழுக்கத் தாம் இறங்கி ஏறிய வெள்ளைக் குழிகளையும் மேலிருந்து ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. எந்தப் பக்கம், எந்த வரிசை என்று அனுபவப்பட்டவர்கள் கூற வேண்டுகிறேன். இறக்கைக்கு முன்னால் உட்காரும்படி ஒரு நண்பர் சொன்னார்.

ஓமலூர்வாசி:
நண்பர் சொன்னது பெரிய ஜெட் விமானங்களுக்குத்தான் பொருந்தும். சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்துக்கு வரும் ஏடிஆர் 72 என்னும் விசிறி வைத்த சிறிய விமானத்தில் இறக்கை சன்னலுக்கு மேலே இருப்பதால் தரை மறையாது. ஆனால் நடு வரிசைகளில் எஞ்சினும், இறங்கும் வேளையில் வெளியே வரும் சக்கரங்களும் பார்வைக்குக் குறுக்கே நிற்கும், விசிறியின் இரைச்சலும் அங்கேதான் மிகுதி. பின்வரிசையைக் கேளுங்கள். பயணிகள் ஏறும் படிக்கட்டு வாலருகில் இருப்பதால் பெரியவருக்கு நடையும் குறையும். பக்கம் என்றால் இடப்பக்கம், அதாவது ‘ஏ’ எழுத்து இருக்கை. வரைபடத்தில் சென்னைக்கும் சேலத்துக்கும் நேர்கோடு இழுத்தால் திருவண்ணாமலை, சாத்தனூர் அணை, கல்வராயன் மலை யாவும் கோட்டுக்கு இடப்புறமே விழுகின்றன.

கருப்பூர் வாசகர்:
வழிக்கு அது சரி. ஆனால் பெரியவர் கேட்பது வழியையன்று, வெள்ளைக் குழியை. அது விமான நிலையத்துக்குத் தென்கிழக்கே, சேர்வராயன் அடிவாரத்தில் இருக்கிறது. நம் ஓடுபாதை வடகிழக்கு–தென்மேற்காக அமைந்தது. விமானம் காற்றை எதிர்த்தே இறங்கும். ஆடிக் காற்றுக் காலமாக இருந்தால் வடகிழக்கிலிருந்து நேராக வந்து இறங்கும்போது மலையும் குழியும் இடப்பக்கம் தெரியும். தை மாதத்திலோ வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து வீசுவதால், விமானம் சுற்றி வந்து தென்மேற்கு முனையில் இறங்கவே வாய்ப்பு அதிகம். அப்போது அவை வலப்பக்கம் வந்துவிடும், இடப்பக்கத்தில் மேட்டூர் நீர்ப்பரப்பு தெரியலாம். அன்றைய காற்று சோம்பிக் கிடந்தால் இந்தக் கணக்கு மாறும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

வெயிலையும் மறந்துவிடக் கூடாது. தையில் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும். தென்மேற்கு நோக்கிப் பறக்கும் விமானத்தில் முற்பகல் முழுவதும் இடப்பக்கச் சன்னல்தான் கண்ணைக் கூச வைக்கும். ஆகவே என் வாக்கு வலப்பக்கத்துக்கே.

ஓமலூர்வாசி:
காற்றை நான் எண்ணிப் பார்க்கவில்லை, திருத்தத்தை ஏற்கிறேன். பக்கத்துக்கு இரண்டே இருக்கைகள் என்பதால், ஒரே வரிசையின் இரு சன்னல்களையும் பிடித்துவிட்டால் இடையில் இரண்டு இருக்கைகளும் நடைபாதையும் மட்டுமே இருக்கும். வாரைக் கட்டச் சொல்லும் முன்னரே இடம் மாறிக்கொள்ளுங்கள். படம் எடுப்பதாயின் அடர்நிறச் சட்டை நல்லது. வெள்ளைத் துணி கண்ணாடியில் பிரதிபலித்துப் படத்தைக் கெடுத்துவிடும்.

அஸ்தம்பட்டிக்காரன்:
இருவருக்கும் நன்றி. கடைசிக்கு முந்தைய வரிசையில் இரு சன்னல்களையும் பதிவு செய்துவிட்டேன். திருவண்ணாமலை தாண்டும் வரை அப்பா இடப்பக்கம், பிறகு வலப்பக்கம். வெள்ளைச் சட்டையைத் தவிர வேறு அணியமாட்டார் என்பதால் படம் எடுக்கும் எண்ணத்தை மட்டும் கைவிட்டுவிட்டேன்.