மறுமொழி: ரீஃபார்மிங்குக்கு ஒரு சொல் போதாது, இரண்டு வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம். ரீஃபார்மிங் (refarming), அதாவது ஓர் அலைக்கற்றைப் பட்டையில் ஓடிக்கொண்டிருப்பதை எடுத்துவிட்டு அதை வேறொன்றுக்குப் பயன்படுத்துவது, இதற்கு என்ன தமிழ்ச்சொல் வைக்கலாம் என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது.

> அலைக்கற்றையில் ரீஃபார்மிங் என்பதற்கு 'மறுபகிர்வு' என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். நான் பல வருடமாக டவர் பக்கம் வேலை பார்ப்பவன், இந்தச் சொல்லை ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது வாயில் போட்டுக்கொள்கிறேன், அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பகிர்வு என்றதும் பங்கு பிரிப்பதுதான் நினைவுக்கு வரும். நாங்கள் செய்கிற ரீஃபார்மிங்கில் எதுவும் கைமாறாது. 900 மெகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒரு நிறுவனத்துக்கு ஒரு துண்டு இருக்கிறது, இத்தனை வருடம் அதில் 2ஜி ஓடியது, இப்போது ஆட்கள் எல்லாம் போனில் வீடியோ பார்க்கிறார்கள், நம் நாட்டில் டேட்டா பயன்படுத்தும் ஒருவர் மாதத்துக்குச் சராசரியாக 20 ஜிபிக்கு மேல் இழுக்கிறார், அதனால் அதே துண்டில் 2ஜியைக் குறைத்துவிட்டு 4ஜி போடுகிறோம். நிலம் அதே, உழுகிறவர் அதே, பயிர் மட்டும் வேறு.

கணக்கைப் பாருங்கள். 2ஜியின் ஒரு கேரியர், அதாவது ஒரு சிக்னல் பிடிக்கும் இடம், 200 கிலோஹெர்ட்ஸ். இங்கே பல நிறுவனங்கள் 6.2 மெகாஹெர்ட்ஸ் கையில் வைத்திருந்த காலம் உண்டு, அதாவது 31 கேரியர். அதில் 5 மெகாஹெர்ட்ஸை 4ஜிக்கு எடுத்தால் 25 கேரியர் போய்விடும், மிச்சம் ஆறு. ஆறை வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்து டவர்கள் ஒன்றோடொன்று மோதாமல் ஓர் ஊருக்கே 2ஜி கொடுப்பது பெரும்பாடு, 1800 பட்டை துணைக்கு இருந்தால்தான் மூச்சு விடலாம்.

இந்த வேலை ராத்திரி ஒரு மணிக்கு மேல்தான் நடக்கும். அனலைசர் (அலைக்கற்றையைப் படமாகக் காட்டும் கருவி) திரையில் 2ஜி கேரியர்கள் நட்ட நாற்று மாதிரி தனித்தனியாக, ஒரே இடைவெளியில் குத்திட்டு நிற்கும். ஒவ்வொன்றாக அணைக்க அணைக்க அந்த இடம் அறுத்த வயல் போல் தரையோடு தரையாகிவிடும். அப்புறம் 4ஜியை ஏற்றியதும் ஒரே சமமாக, மேல்பக்கம் தட்டையாக ஒரு மேடை எழும்பும், இரண்டு ஓரமும் செங்குத்தாக இறங்கும். முதல் தடவை அதைப் பார்த்தபோது என்னோடு இருந்த டெக்னீஷியன், தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், "சார், நெல்லை எடுத்துட்டு வாழை வச்ச மாதிரி இருக்கு" என்றார். என் பரிந்துரை அன்றைக்குக் கிடைத்ததுதான்: பயிர்மாற்று.

> பயிர்ச்சுழற்சி என்று ஏற்கெனவே வேளாண்மையில் இருக்கிறதே, குழப்பம் வராதா?

வராது என்று நினைக்கிறேன். சுழற்சி என்றால் நெல், உளுந்து, மறுபடி நெல் என்று திரும்பி வரவேண்டும். 4ஜி போட்ட இடத்தில் யாரும் திரும்ப 2ஜி போடப்போவதில்லை. ரீஃபார்மிங்குக்குச் சொல்லப்படும் 'மறுவேளாண்மை', 'மறுபண்ணையம்' இரண்டும் ஆங்கிலச் சொல்லை உடைத்துத் துண்டு துண்டாகத் தமிழில் ஒட்டியவை, சொன்னால் இன்னொரு வரி விளக்கம் கேட்கும்.

சரி, இது பாதிதான். இதே ரீஃபார்மிங் என்ற சொல்லை அரசு அலுவலகங்களில் வேறு பொருளில் சொல்கிறார்கள். பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையிலேயே, ஒரு பட்டையில் இருப்பவர்களை முழுதாகவோ கொஞ்சமாகவோ எழுப்பிவிட்டு அதே சேவைக்கோ வேறு சேவைக்கோ அதைக் கொடுப்பதுதான் இந்தப் பெயரில் வருகிறது. நம் நாட்டு உதாரணம் பாதுகாப்புத் துறை. அவர்கள் வைத்திருந்த அலைக்கற்றையில் ஒரு பகுதியை மொபைலுக்கு விடச் சொன்னபோது, அதற்கு மாற்றாக அவர்களுக்கென்றே தனியாக ஆப்டிக்கல் ஃபைபர் வலையமைப்பு போட்டுத் தரும் வேலை பிஎஸ்என்எல்லிடம் கொடுக்கப்பட்டது. பல நாடுகளில் டிவி ஒளிபரப்பு இருந்த 700 மெகாஹெர்ட்ஸ் பக்கம் மொபைலுக்கு வந்ததும் இந்த வகைதான். (இங்கே 700-ஐ ஏலத்தில் வைத்து 2016, 2021 இரண்டு தடவையும் ஒருத்தரும் கேட்கவில்லை, 2022-இல்தான் விலைபோனது. எட்டூர் தாண்டிப் போகக்கூடிய பட்டை, அத்தனை வருடம் தரிசாகக் கிடந்ததில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.)

இதில் பயிர் மாறுவதோடு குடியே மாறுகிறது. சோழர் காலக் கல்வெட்டுகளில் 'குடிநீங்காத் தேவதானம்' என்று வரும், உழுகிற குடிகளை எழுப்பாமல் நிலத்தைக் கோயிலுக்கு எழுதிவைப்பது. குடிநீக்கிக் கொடுப்பதும் தனியாக உண்டு. ஆயிரம் வருடத்துக்கு முன்னாலேயே இந்த வித்தியாசத்துக்கு இரண்டு சொல் வைத்திருந்த மொழியில் நாம் ஏன் இரண்டையும் மறுபகிர்வு என்ற ஒரே மூட்டையில் கட்டவேண்டும்? 'குடிநீக்கம்' என்றே வைக்கலாம், ஆனால் இங்கே எழுப்பப்படுகிறவருக்கு மாற்று இடமோ மாற்று வசதியோ கொடுக்கிறார்கள், அதனால் குடிமாற்று என்பது என் விருப்பம்.

இரண்டையும் பிரிக்காவிட்டால் செய்தியே தவறாகப் போகும். குடிமாற்று அரசு செய்வது, வருடக்கணக்கில் இழுக்கும். பயிர்மாற்று நிறுவனம் செய்வது, சில ராத்திரி வேலை. அதற்கும் சட்டத் தடை இருந்தது. முன்பு ஏலம் இல்லாமல் நிர்வாக முறையில் கொடுத்த அலைக்கற்றை, இன்ன பயிர்தான் போடவேண்டும் என்று எழுதிய குத்தகை மாதிரி. 2012 நவம்பர் ஏலத்திலிருந்து எந்தத் தொழில்நுட்பமும் போடலாம் என்று வந்தது, பழைய துண்டுகளுக்கு அந்த உரிமை வேண்டுமென்றால் சந்தை விலை கட்டவேண்டும். 'பயிர்மாற்று உரிமை' என்று சொல்லிப்பாருங்கள், எவ்வளவு சுலபமாக உட்காருகிறது.

இன்னொன்று. ஒரே கேரியரில் 4ஜியையும் 5ஜியையும் சேர்த்து ஓட்டி, தேவைக்கு ஏற்ப ஒரு மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை இடத்தை மாற்றி மாற்றிக் கொடுக்கும் முறைக்கு 'இயங்குநிலை அலைக்கற்றைப் பகிர்வு' என்று யாரோ முன்மொழிந்திருந்தீர்கள். எனக்கு ஊடுபயிர் போதும். தென்னைக்கு நடுவே வாழையோ மஞ்சளோ போட்டவர்களுக்கு அது உடனே பிடிபடும், இரண்டுமே தனித்தனியாகப் போட்டால் வருகிற அளவு விளையாது என்பதும் அதிலேயே வந்துவிடுகிறது.

> அப்படியானால் காப்புப்பட்டையையும் 'வரப்பு' ஆக்கிவிடலாமே?

ஆசையாகத்தான் இருக்கிறது, ஆனால் வேண்டாம். காப்புப்பட்டை (பக்கத்துப் பக்கத்துச் சிக்னல்கள் மோதாமல் நடுவே விடும் காலி இடம்) என்ற சொல் நன்றாகவே புழங்குகிறது, பொருளும் நேராக இருக்கிறது. இருக்கிற நல்ல சொல்லைக் கலைத்து எல்லாவற்றையும் வயல்காடாக்கினால் படிக்கிறவருக்குத்தான் கஷ்டம்.

பயிர்மாற்று என்ற சொல்லை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு வேறு ஒரு காரணமும் உண்டு, இதை நான் மறக்கவில்லை. ஒரு தடவை பயிர்மாற்று முடிந்த மறுநாள், மலையடிவாரத்து ஊரிலிருந்து ஒரு பாட்டி பேரன் போனில் கூப்பிட்டுப் புகார் கொடுத்தார். அவருடையது பட்டன் போன், 2ஜி மட்டும்தான் எடுக்கும், சிக்னல் போய்விட்டது. "டவர் வேலை" என்று மட்டும் அவரிடம் சொல்லியிருந்தார்கள். இரண்டு நாள் கழித்து அந்த டவரில் கொஞ்சம் 2ஜியை ஓரமாகத் திரும்ப விட்டோம். அவரிடம் முன்கூட்டியே சொல்லச் சரியான வார்த்தை எங்கள் யாரிடமும் இல்லை. "பாட்டி, பழைய பயிரை எடுத்துட்டுப் புதுசு போடுறோம், உங்க போனுக்கு இனி இங்க சிக்னல் வராது, மாத்தணும்" என்றிருந்தால் அவருக்குப் புரிந்திருக்கும்.

டெக்னீஷியன்களுக்கான தமிழ்க் கையேட்டில் பயிர்மாற்று, குடிமாற்று, ஊடுபயிர் மூன்றையும் சேர்த்திருக்கிறேன். குடிமாற்று பற்றித்தான் எனக்கே கொஞ்சம் தயக்கம், 'குடி' என்றதும் சிலருக்கு வேறு ஞாபகம் வரலாம். இலங்கை நண்பர்கள் இதற்கு என்ன சொல்வீர்கள் என்றும் தெரிந்துகொள்ள ஆசை. வெள்ளிக்கிழமைக்குள் எழுதிவிடுங்கள், சனிக்கிழமை அச்சுக்குப் போகிறது.