தாத்தா பெட்டியில் 62 பழைய ரூபாய்க் காசுகள்: மதிப்பு எப்படிப் பார்ப்பது, யாரிடம் விற்பது?

கேள்வி (மேலவீதி_62)
வணக்கம். பாகப்பிரிவினைக்காகப் பெட்டியைத் திறந்ததில் 62 ரூபாய்க் காசுகள் இருந்தன. விக்டோரியா 1862 நான்கு, எட்வர்டு (1903 முதல் 1907 வரை) ஒன்பது, ஐந்தாம் ஜார்ஜ் 1911 ஒன்று, 1912 முதல் 1920 வரை 31, ஆறாம் ஜார்ஜ் 1940 முதல் 1945 வரை 14, 1947 மூன்று. இவற்றில் ஆறு காசில் வளையம் பற்ற வைத்திருக்கிறது. தனியாக ஒரு செம்புக் காசு: ராமர் பட்டாபிஷேகம், பின்பக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி 1818. உள்ளூர்க் கடைக்காரர் மொத்தமாக எண்ணி, காசுக்கு இவ்வளவு என்று ஒரே விலை சொல்கிறார். வாட்ஸ்அப்பில் ஒருவர் ராமர் காசுக்கு 12 லட்சம் தருவதாகச் சொல்லி, பதிவுக் கட்டணம் 2,500 கேட்கிறார். எதை நம்புவது? விற்கும் முன் விபூதி போட்டுத் துலக்கலாமா?

வெள்ளித்தராசு
துலக்காதீங்க. விபூதி, புளி, சபீனா, பல்பொடி எதுவும் வேண்டாம். விபூதிகூட மெல்லிய கோடு போடும். வெளிச்சத்தில் சாய்த்தால் ஒரே திசையில் முடி முடியாகத் தெரியும். காசு சேர்ப்பவர் பார்த்ததும் கீழே வைத்துவிடுவார். கறுப்பு ஏறியிருந்தால் அப்படியே இருக்கட்டும். பழைய பிளாஸ்டிக் உறையிலிருந்து பச்சைப் பிசுக்கு ஒட்டியிருந்தால் மட்டும் சுத்தமான அசிட்டோனில் ஊறவைத்து, தேய்க்காமல் காற்றில் உலர விடலாம். நகப்பூச்சு அழிக்கும் திரவம் அதற்கு ஆகாது, அதில் வேறு பொருள்களும் கலந்திருக்கும்.

முதலில் அடிவிலையைக் கணக்குப் போடுங்க. 1940க்கு முந்தைய உங்கள் காசு ஒவ்வொன்றும் புதிதில் 11.66 கிராம், 91.7 டச் (நூற்றில் 91.7 பங்கு வெள்ளி). நிகர வெள்ளி 10.69 கிராம். 1940 முதல் 1945 வரை பாதிதான் வெள்ளி, 5.83 கிராம். 1947 நிக்கல், வெள்ளியே கிடையாது. ஆக 45 × 10.69 = 481, 14 × 5.83 = 82; மொத்தம் சுமார் 563 கிராம். தேய்மானத்துக்குக் கொஞ்சம் கழித்து, அன்றைய வெள்ளி விலையால் பெருக்குங்க. மூன்று வகையையும் கலந்து ஒரே விலை சொல்லும் கடைக்காரர் பெரும்பாலும் பாதி வெள்ளிக் காசை அளவாக வைத்துத்தான் சொல்வார்.

புள்ளிக்காரன்
அடிவிலை சரி. ஆனால் அதோடு நின்றால் நஷ்டம்.

1911ஐத் தனியே எடுத்து வையுங்க. அரசர் அங்கியில் இருக்கும் யானை பார்க்கப் பன்றி போல இருக்கிறது என்று எதிர்ப்பு வந்து, வெளியே விடாத காசையெல்லாம் உருக்கிவிட்டார்கள். 1912இல் யானையைத் திருத்தி அடித்தார்கள். அதனால் 1911 ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய்க்கு எப்போதும் தேடுபவர் உண்டு. அங்கி வேலைப்பாடு தேயாமல் இருந்தால்தான் நல்ல விலை.

1862ஐ நான்கும் ஒன்றே என்று நினைக்க வேண்டாம். 1874 வரை ஆண்டை மாற்றாமலே அடித்தார்கள். ஆண்டின் அருகே உள்ள சின்னப் புள்ளிகளை 10 மடங்கு லென்ஸில் எண்ணுங்க. புள்ளிக் கணக்கைப் பொறுத்து விலை மாறும். 1912 முதல் 1920 வரை உள்ள 31இல் பெரும்பாலானவை சாதாரணம். பின்பக்கம் கீழே தாமரைக்கு அடியில் புள்ளி இருந்தால் பம்பாய், இல்லாவிட்டால் கல்கத்தா. பளபளப்பு மாறாத காசு இருந்தால் அதை மட்டும் பிரித்து வையுங்க.

போலி சோதனை: 0.01 கிராம் காட்டும் தராசில் ஒவ்வொன்றாக நிறுங்க. தேய்ந்த காசு 11.4 வரை இறங்கலாம், 11க்குக் கீழே போனால் சந்தேகம்தான். விளிம்பில் ஒட்டுக்கோடு, எழுத்தின் ஓரம் மழுங்கல், பொடிப்பொடியாகக் குமிழ்: இவை வார்ப்புக் காசின் அடையாளம். காந்தத்தில் 1947 ஒட்டும், அது நிக்கலின் குணம். மற்றவை ஒட்டினால் போலி.

வளையம் வைத்த ஆறும் வெள்ளி விலைக்குத்தான். வளையத்தை அறுத்தாலும் தழும்பு போகாது.

மேலவீதி_62
நன்றி. ஆண்டு வாரியாகப் பிரித்துவிட்டேன். 1911, 11.62 கிராம். அந்த ராமர் காசு?

கலசம்_வேண்டாம்
கம்பெனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. 1818 என்று போட்ட ராமர், அனுமார் காசுகள் எல்லாம் பிற்காலத்தில் செய்த வில்லைகள். ஆண்டு இருப்பதால் அசல் என்று ஆகிவிடாது. (சென்னையில் கம்பெனி அடித்த தங்க வராகனில் சாமி உருவம் உண்டு, அது வேறு கதை.) இதைத்தான் ‘அரிசியை இழுக்கும் அதிசயக் காசு’ என்று ரைஸ் புல்லிங் மோசடிக் கும்பல் ஏமாளிகள் தலையில் கட்டும். பூஜை அறையில் வைத்துக்கொள்ளுங்க.

பதிவுக் கட்டணம், ஜிஎஸ்டி, ரிசர்வ் வங்கி அனுமதி என்று விற்பவரிடமே முன்பணம் கேட்டால் மோசடி. தன் பெயரையும் சின்னத்தையும் வைத்து இப்படிப் பணம் பறிக்கிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. ஆதார், வங்கி விவரம் கொடுத்திருந்தால் வங்கிக்கு உடனே சொல்லுங்க. பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்க.

புள்ளிக்காரன்
விற்பதற்கு மூன்று கூறாகப் பிரிக்கலாம். வளையம் வைத்தவையும் மிகத் தேய்ந்தவையும் வெள்ளி வியாபாரிக்கு: சௌகார்பேட்டையில் இரண்டு மூன்று கடையில் கேளுங்க, கண்முன்னால் நிறுக்கச் சொல்லுங்க, 91.7க்குப் பதில் ‘80 டச்’ என்றால் எடுத்துக்கொண்டு கிளம்புங்க. நடுத்தரமானவை நாணயக் கண்காட்சிக்கு. மெட்ராஸ் காயின் சொசைட்டி போன்ற சங்கங்களில் எப்போது நடக்கும் என்று கேட்கலாம். முதல் மேஜையில் கொடுத்துவிடாமல் நான்கு மேஜையில் விலை கேளுங்க. 1911, நல்ல 1862, பளபளப்பு மாறாதவை ஏலத்துக்கு. பம்பாயில் டோடிவாலா, பெங்களூரில் மருதர் ஆர்ட்ஸ் போன்றவர்கள் நடத்துகிறார்கள். ஜன்னல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல் இரண்டு பக்கமும் விளிம்பும் எடுத்து எடையோடு அனுப்புங்க. விற்பவர் கமிஷன் எவ்வளவு, இதற்குக் கீழே விற்காதே என்று விலை வைக்கலாமா, விற்காமல் திரும்பினால் கட்டணம் உண்டா, பணம் எத்தனை நாளில் என்று எழுத்தில் வாங்கிய பிறகே காசைக் கொடுங்க.

ஒன்று மறந்தேன். நூறு வருஷம் தாண்டிய காசு 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தில் வரும். உங்கள் 1920 வரையிலான 45ம் அந்தக் கணக்குதான். குடும்பச் சொத்தை உள்நாட்டில் விற்கத் தடை இல்லை, ஆனால் வெளிநாட்டில் வாங்குபவருக்குத் தபாலில் அனுப்பவே கூடாது.

வெள்ளித்தராசு
பங்கு பிரிப்பதாக இருந்தால் காசை எண்ணிப் பிரிக்க வேண்டாம். 1911ஐ ஒருவரும் 1947ஐ ஒருவரும் எடுத்தால் சண்டைதான் வரும். விற்று வந்த பணத்தைப் பிரியுங்க. அதுவரை ஒவ்வொரு காசுக்கும் தனி காயின் ஹோல்டர். ஹோல்டரை ஸ்டேப்ளர் பின் அடித்து மூடினால் பின்னின் முனையைத் தட்டையாக அமுக்கிவிடுங்க, இல்லாவிட்டால் பக்கத்துக் காசைக் கீறும்.